கிராம்புப் புகையும் சார்ஜன்ட் சேனாபதியும்

பெயரில்தான் சேனாபதி. ராணுவத்தில் அவர் சார்ஜன்ட்டுக்கு மேலே போனதில்லை. மலேசியாவில் ஈப்போக்காரர். நாடு சுதந்திரம் அடைந்த கையோடு படையில் சேர்ந்து, காட்டில் மிச்சமிருந்த கம்யூனிஸ்டுகளைத் தேடி அலைந்தார். அறுபத்து மூன்றில், மலேசியா என்று ஒரு நாடே கூடாது என இந்தோனேசியா மல்லுக்கு நின்றபோது போர்னியோ தீவுக்கு அனுப்பினார்கள். நடுவே மலை. இந்தப் பக்கம் சரவாக், மலேசியாவுடையது. அந்தப் பக்கம் கலிமந்தான், இந்தோனேசியாவுடையது. அது ஓய்ந்ததும் தாய்லாந்து எல்லையில் மறுபடியும் கம்யூனிஸ்டுகள். மனிதர் மூன்று சண்டை பார்த்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்.

அப்படிப்பட்டவர் 1999 கோடையில் டெக்சஸில், பிளானோவில், மகள் கலாவதி வீட்டு சோபாவில் சும்மா உட்கார்ந்திருந்தார். மனைவி போனபிறகு மகள்தான் பிடிவாதமாக அழைத்து வந்தாள். மாப்பிள்ளை திருமூர்த்தி ஈரோட்டுக்காரர், தங்கமான பிள்ளை. சோற்றுக்கும் மரியாதைக்கும் பஞ்சமில்லை.

அது கார்கில் கோடை. சனிக்கிழமை விருந்துகளில் சாம்பார் சாதத்தோடு போர்த்தந்திரமும் பரிமாறப்பட்டது. தலைமைத் தளபதி சுந்தரராமன், திருமூர்த்தியின் ஆபீஸ் நண்பர். டிவி ரிமோட்டைத் தவிர வேறு ஆயுதம் தொட்டதில்லை. ஒருநாள் சேனாபதி மெல்ல வாயைத் திறந்தார்.

"மலைச் சண்டையில மேல இருக்கறவனுக்குத்தான்…"

"அங்கிள், மலேசியாவுக்கு ஏது வார்? யாரோட ஃபைட் பண்ணீங்க, கொசுவோடயா?" என்றார் சுந்தரராமன்.

எல்லோரும் சிரித்தார்கள். சேனாபதியும் சிரித்து வைத்தார். ஆனால் சொல் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாள் காலையில் மகளிடம் ஊருக்கு டிக்கெட் போடச் சொன்னார்.

"இங்க என்னப்பா குறை?"

"குறை ஒண்ணும் இல்லம்மா. ஈப்போவுல கோப்பிக் கடைக்குப் போனா நாலு பேரு சார்ஜன்ட்னு கூப்புடுவான். இங்க நான் டேகேர்ல விட்ட பிள்ளை மாதிரி இருக்கேன்."

கலாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மாதக் கடைசிக்கு டிக்கெட் போட்டாள். அப்பாவைத் தனியாக அனுப்ப அவளுக்குத் துளிகூட மனமில்லை.

இங்கே அவருடைய மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போர்னியோ காட்டுக்குள் ரோந்து போகிறவன் சோப்புப் போடக்கூடாது, தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது, பற்பசையும் கூடாது. வாசனை ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதேபோல எதிரியின் வாசனையை இவர்கள் பிடிப்பார்கள். இந்தோனேசியாக்காரர்களுக்குக் கிராம்பு கலந்த சிகரெட் என்றால் உயிர். காற்றில் அந்தப் புகை வந்தால் குப்புறப் படு. பிறகுதான் யோசனை. இப்படித்தான் சேனாபதி உயிரோடு இருந்தார். இன்றைக்கும் மகள் ஏற்றி வைக்கும் வாசனை மெழுகுவத்தியை, அவள் அந்தப் பக்கம் போனதும் ஊதி அணைத்துவிடுவார்.

டிக்கெட் போட்ட அந்த வாரம், காலையில் பார்க் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். காற்று திரும்பியது. கிராம்பு. அடுத்த நொடி சார்ஜன்ட் ஒரு பூச்செடிக்குப் பின்னால் படுத்திருந்தார். வலது கை தானாக உயர்ந்து, பின்னால் வருகிறவர்களை நிறுத்தியது. பின்னால் வந்தவை இரண்டு வாத்துகள். அவை நின்றன.

எதிர் பெஞ்சில், கையில் சிகரெட்டோடு ஒரு கிழவர். செடியைப் பார்த்தார், உயர்ந்த கையைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிகரெட்டை அவசரமாகக் காலடியில் நசுக்கிவிட்டுக் கேட்டார்.

"சரவாக்?"

சேனாபதி முழங்காலைத் தட்டியபடி எழுந்தார். "கலிமந்தான்?"

கிழவர் தலையாட்டினார்.

பெயர் சுவார்னோ. இரண்டு தெரு தள்ளி மகன் வீட்டில் இருப்பவர். அவருடைய பாஷையும் மலாயும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பேச்சு மடை திறந்தது. அந்தப் பக்கமும் தினமும் மழைதானா, அட்டைக்கடிக்கு என்ன செய்தீர்கள் என்று ஆரம்பித்து, மெல்ல மற்றதற்கு வந்தார்கள்.

"உங்க ஆளுங்களுக்கு மந்திரம் தெரியும்னு நெனச்சோம்," என்றார் சுவார்னோ. "எப்படி ஒளிஞ்சாலும் கண்டுபிடிச்சீங்க."

"மந்திரம் இல்ல. உங்க சிகரெட்."

சுவார்னோ வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "என் கூட்டாளி ஒருத்தன் இன்னும் அங்கதான் கிடக்கான். ஒரு சிகரெட்டுக்காக உயிரை விட்டான்."

சுட்டது யார் என்று சேனாபதி யோசித்துப் பார்த்தார். அது தன் துப்பாக்கியாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். "என் கூட்டாளியும் அங்கதான்," என்றார். இரண்டு பேரும் வெட்கப்படாமல் அழுதார்கள். அவ்வளவு வருடம் சுமந்ததை இறக்கி வைக்க எதிரியே வந்து சேர்ந்திருந்தான்.

மாதக் கடைசியில் கலாவதி வழியனுப்பு விருந்து வைத்தாள். சேனாபதி சுவார்னோவையும் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்தார். சுந்தரராமன் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"அங்கிள், கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையே. யாரோடதான் ஃபைட் பண்ணீங்க?"

"இவரோட," என்று சேனாபதி பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

எல்லோரும் சுவார்னோவைத் திரும்பிப் பார்த்தார்கள். கேள்வி என்ன என்று சுவார்னோ கேட்டறிந்து, வாயிலிருந்த வடையை விழுங்கிவிட்டு, தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொன்னார்: "ஆமாம், என்னோடதான். நல்ல சோல்ஜர். குறிதான் சரியில்லை. அதனால்தான் நான் இங்கே வடை சாப்பிடுகிறேன்."

முதலில் சிரித்தது கலாவதிதான். சுந்தரராமன் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, "அங்கிள், ஸாரி. மொதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார். அன்றைக்கு ஒரே மலையை ஒருவர் இந்தப் பக்கமிருந்தும் மற்றவர் அந்தப் பக்கமிருந்தும் சொல்லச் சொல்ல, ரசம் ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் பெட்டியைக் கட்டலாமா என்று கலாவதி வந்து நின்றாள்.

"டிக்கெட்டை கேன்சல் பண்ணிடும்மா," என்றார் சார்ஜன்ட், பார்க்குக்குச் செருப்பை மாட்டிக்கொண்டே. "பாவம், எதிரியைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?"