பாதியில் நின்ற மெயில்

நான் எட்டாவது வரைதான் படித்தேன். தி. நகரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி ஆபீசுக்கு மூட்டை தூக்கப் போனவன். வயரைக் கண்டால் கை சும்மா இருக்காது. அதனால் கம்ப்யூட்டர் வாங்கியபோது அதையும் என்னையே பார்த்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

டைப் அடிக்க ஒரு அக்கா இருந்தார். மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஆபீஸ் மெயிலை அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் பார்க்க முடியும்; அதைத் திறப்பதும் அவர் வேலை. மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்து வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார். அதில் ஆபீஸ் மெயிலைத்தான் கொடுத்திருந்தார். பதில் எந்த நாளும் வரலாம். இது எனக்கு மட்டும் தெரியும். அண்ணாச்சிக்குத் தெரிந்தால் அன்றோடு சீட்டு கிழிந்துவிடும்.

ஆயுத பூஜை அன்று மத்தியானம். கத்திரிக்கோல், தராசு, மீட்டர் கோல் எல்லாம் துடைத்து வைத்தாயிற்று. பூஜையில் வைத்த சாமானை மறுநாள்வரை தொடக்கூடாது. கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"யம்மா, நிப்பாட்டு. எமகண்டம் பொறக்கதுக்குள்ள பூசைய முடிக்கணும்" என்றார் அண்ணாச்சி.

"அஞ்சே நிமிஷம் அண்ணாச்சி. மெயில் இறங்கிண்டிருக்கு."

"மெயிலு எங்க ஓடிரப் போவுது? சரஸ்வதிய காக்க வைக்கலாமா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் குங்குமக் கிண்ணத்தை அண்ணாச்சியிடம் நீட்டினேன். அண்ணாச்சி தானே சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார். திரைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்து அக்கா மெயில் புரோகிராமைத் திறந்தார். முகத்தைக் காட்டியது, மூடிக்கொண்டது. மறுபடியும் அதே.

"இன்னாக்கா ஆச்சு?"

"வரது, போயிடறது."

"நல்ல நாளும் அதுவுமா." அண்ணாச்சி எலுமிச்சம்பழம் வாங்க ஆள் அனுப்பினார்.

சிடியைப் போட்டு புரோகிராமை அழித்துத் திரும்ப ஏற்றினேன். அதேதான். பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். "பொட்டு வெச்சி பூ போட்டீங்கல்ல, அதான் மெதப்பு ஏறிடுச்சி நைனா" என்றான். வைரஸ் தேடினேன். இல்லை. அக்கா அடிக்கடி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். திரையைப் பார்ப்பார். போய்விடுவார்.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம்தான் எனக்குப் புரிந்தது. புரோகிராமில் கோளாறு இல்லை. வந்த மெயில்களை அது சேர்த்து வைக்கும் ஃபைல், பூஜை அன்று பாதி எழுதும்போது கரண்ட் போனதில் கெட்டிருந்தது. திறந்ததும் அதைப் படிக்கப் போய்த்தான் புரோகிராம் விழுந்தது. அந்த ஃபைலை வேறு இடத்துக்கு மாற்றினேன். திறந்துகொண்டது. போன் லைனில் நெட்டைப் போட்டதும், பாதியில் விட்ட மெயில் முழுசாக இறங்கியது.

மஸ்கட்டிலிருந்து. இன்டர்வியூ சென்னையிலேயே, ஒரு ஓட்டலில். அன்றைக்குக் காலையிலேயே முடிந்திருந்தது. மத்தியான பிளேனில் அவர்கள் கிளம்புவதாகவும் எழுதியிருந்தது.

அக்கா வாய் திறந்திருக்க முடியாது. நான் திறந்திருக்கலாம். பார்சல் விஷயமாக ஒரு மெயில் வருகிறது என்று பூஜை அன்று ஒரு பொய் சொல்லியிருந்தால், அண்ணாச்சி சுவிட்சில் கை வைத்திருக்கமாட்டார். வியாபாரம் என்றால் சாமியையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுவார். அந்தப் பொய் எனக்கு அப்போது தோன்றவில்லை. பிறகு பல தடவை தோன்றியிருக்கிறது.

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே வந்தார்.

"தொறந்துட்டா? முக்கியமா எதும் வந்திருக்கா யம்மா?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்ல அண்ணாச்சி. பழசு."