மலையில் எனக்கு முன்னால் போனவள்

பேய், பிசாசு என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். நீங்களும் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

கொழும்பு வெள்ளவத்தையில் முதலில் ஓடத் தொடங்கியது நான். துணைக்கு வந்த என் தங்கச்சி யாழினி ஒரு வருடத்துக்குள் என்னை முந்திவிட்டாள். சொந்தக்காரர் எல்லோரும் அவளையே புகழ எனக்கு வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்? சிவனொளிபாதமலையை ஒரே பகலில் மூன்று தரம் ஓடி ஏறி இறங்குவோம் என்று பந்தயம் கட்டியதும் நான்தான். ஒருதரமாவது அவளுக்கு முன்னால் போகவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அங்கே உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை தரம் அடிப்பது வழக்கம். நாங்கள் இரண்டு பேரும் அதற்கு முன் ஏறியதே இல்லை. முதல் ஏற்றத்தில் நான் படியில் நின்று மூச்சு வாங்க, மேலே ஒரு அடி கேட்டது. இரண்டாவதில் இரண்டு. அடிப்பது அவள்தான் என்று தெரியும், ஒவ்வொன்றும் என் மண்டையில் விழுந்த மாதிரி இருந்தது.

பின்னேரம் மூன்றாவது ஏற்றம். பனிமூட்டம் இறங்கிவிட்டது, படியில் ஆட்களும் இல்லை. நான் பாதி வழிகூட வரவில்லை, மேலே மூன்று அடி. வென்றுவிட்டாள் சனியன் என்று திட்டிக்கொண்டே ஏறி நடுவழித் தேத்தண்ணிக் கடைக்கு வந்தால், அவள் சுளுக்கிய காலில் கட்டோடு வாங்குப் பலகையில் இருக்கிறாள். நாங்கள் அய்யே என்று கூப்பிட்ட சிங்களக் கடைக்காரர் என்னைக் கண்டதும் கையிலிருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டார்.

"அக்கா, நீ அப்பவே மேல ஓடினனீயெல்லே?"

"விசரே, நான் இப்பத்தான் கீழ இருந்து வாறன்."

"பொய் சொல்லாத. இதே சிவப்புச் சட்டை. கூப்பிடக் கூப்பிடத் திரும்பியும் பாக்கேல்லை. நீ அப்பிடி ஓடி நான் ஒருநாளும் கண்டதில்லை."

வேறு யாரோ என்று சொல்வீர்கள், சொல்லுங்கள். அய்யேயும் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாரே! மேலே போய்ப் பார்க்க எனக்குக் கால் வரவில்லை, அவளைத் தாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அக்காதான் வென்றவ என்று அவளே வீட்டில் எல்லோருக்கும் சொன்னாள். நான் எவ்வளவு ஆசைப்பட்ட புகழ்! கேட்கக் கேட்க எனக்கு அந்த ஓடினவள்மேல்தான் எரிச்சல் வந்தது. தங்கச்சியை முந்தியது அவளல்லவா?

கால் சுகமாகி இப்போது மறுபடியும் கடற்கரை வீதியில் ஓடுகிறோம். வழக்கம்போல யாழினி முன்னால், நான் பின்னால். சில நாட்களில், "அக்கா, கொஞ்சம் மெதுவாப் போ" என்று சிரித்துக்கொண்டு கத்துகிறாள். என்னைத் திரும்பிப் பார்த்தல்ல, முன்னால் பார்த்து.