வீட்டில் படித்துக்கொள்ளச் சொன்ன பாடம்

அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அறிவியல் டீச்சர் ஒரு பாடத்தை மட்டும் நடத்தாமல் தாண்டினாராம். மனித இனப்பெருக்கம். "இதை வீட்டுல படிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாடத்துக்குப் பக்கத்தைப் புரட்டச் சொன்னாராம். வகுப்பே தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததாம். இதை என்னிடம் சொன்னபோது அவள் மடியில் கைக்குழந்தை இருந்தது.

"நான் வூட்டுலயே நல்லா படிச்சிட்டேன் பாருக்கா" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் கழித்தும் வரவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் நாங்கள் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிவிட்ட போர்ஷன்களில் ஒன்றில் குடியிருந்தோம். எதிர் போர்ஷனுக்கு அவள் வாழ வந்தாள். வாழ வந்தாள் என்று எழுதக் கை கூசுகிறது. கொண்டுவந்து விட்டார்கள். வயது பதினாறு. அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அவளைவிட எட்டொன்பது வயது மூத்தவன். பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கிய பழக்கம். வயிறு தெரிந்ததும் ஒரு கோயில், ஒரு மஞ்சள் கயிறு, ஒரு அவசரம்.

தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் வரிசையில் அவளைத்தான் பேசினார்கள். "இந்த வயசுல இன்னா கொழுப்பு பாத்தியா?" ஏதோ அவள் தனியாகவே உட்கார்ந்து அந்த வயிற்றைச் செய்துகொண்ட மாதிரி. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் வண்டி தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு டிரிப் குறையவில்லை. அவனுக்கு முடி கொட்டவில்லை, படிப்பு நிற்கவில்லை, பெயர் கெடவில்லை. சாயங்காலமானால் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு டீக்கடையில் நின்றான்.

ஆஸ்பத்திரியில் வயது கேட்டால் பத்தொன்பது என்று சொல்லும்படி மாமியார் அவளைப் பழக்கியிருந்தாள். அவளும் ஒப்பித்தாள். நர்ஸ் நிமிர்ந்து அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்தார். பத்தொன்பது என்றே எழுதிக்கொண்டார். எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் அதுதான் சௌகரியம். உடம்புக்கு மட்டும் பொய் சொல்ல வரவில்லை. ரத்தம் பற்றவில்லை. கால் வீங்கியது, பிரஷர் ஏறியது, வலி வந்தும் பிள்ளை இறங்கவில்லை. கடைசியில் வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள்.

திரும்பி வந்தவள் வேறு ஒருத்தி. சீப்பை வைத்தால் முடி கொத்தாக வந்தது. குழந்தை வீறிட்டு அழும், அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அது அழுவுதுன்னு தெரியுதுக்கா. ஆனா யாரோ எங்கியோ தூரத்துல அழுவுற மாதிரி கீது."

"நடிக்கிறா" என்றாள் உள்ளே இருந்து மாமியார். "நாங்க பெக்கலியா, எங்களுக்கெல்லாம் வராத வியாதி?"

அந்தச் சுவரிலிருந்து அவள் கண்ணைத் திருப்பியது ஒன்றே ஒன்றுதான். பத்தாவது பரீட்சை. அதை எழுதிவிட வேண்டும், அது போதும் என்றாள். பழைய பள்ளிக்குப் போய்க் கேட்டேன். "இவளப் பாத்து மத்த பொண்ணுங்க கெட்டுடுவாங்க, மேடம்" என்றார்கள். கர்ப்பம் என்ன கண்வலியா, பார்த்ததும் ஒட்டிக்கொள்ள? பாடத்தை நடத்தாமல் தாண்டியவர்கள், இப்போது பெண்ணையும் தாண்டிப் போனார்கள்.

தனித்தேர்வராக எழுதலாம் என்று தெரிந்தது. பால் கொடுத்துக்கொண்டே படித்தாள். அடுப்பில் உலை கொதிக்கும்போது படித்தாள். அக்டோபரில் பரீட்சை, குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில். சுடிதார் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டாள். கல்யாணமானவள் சேலை கட்டாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்றாள் மாமியார். சேலை கட்டிக்கொண்டு போய்த் தமிழ் எழுதினாள், ஆங்கிலம் எழுதினாள், கணக்கும் எழுதினாள். முணுமுணுத்துக்கொண்டே மாமியார் பிள்ளையை வைத்துக்கொண்டாள். அறிவியல் அன்றைக்குக் காலையில், பள்ளிக்கரணையில் கிரகப்பிரவேசம் என்று பட்டுச்சேலையோடு கிளம்பிவிட்டாள்.

"புள்ள பாலு குடிக்குமா, பரிச்ச குடிக்குமா? எழுதறவ தூக்கிகினு போவட்டும்."

நான் லீவு சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பினேன். மழை விட்டு விட்டுத் தூறியது. ஸ்டேஷன் வாசலில் அவன் "மேடவாக்கம், மேடவாக்கம்" என்று கூவிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான். கையை ஆட்டினான், யாரோ பரிச்சயக்காரர்களுக்கு ஆட்டுவதைப் போல. மின்சார ரயிலில் அவள் புத்தகத்தை மூடவே இல்லை. டீச்சர் தாண்டிய பாடத்தைத்தான் விரித்து வைத்திருந்தாள்.

"இத்த மட்டும் யாரும் சொல்லித் தரலக்கா. நானா படிச்சது. கேட்டா முழு மார்க்கு."

உள்ளே போவதற்கு முன் பால் கொடுத்துவிட்டுப் போனாள். பள்ளிச் சுவரை ஒட்டி, பூட்டிய கடை ஒன்றின் படியில் பிள்ளையோடு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் தூங்கினான். பிறகு விழித்தான். புட்டிப்பாலைத் துப்பினான். தோளில் போட்டு நடந்தேன், பாடினேன், ஆட்டோவைக் காட்டினேன், நாயைக் காட்டினேன். அவன் கேட்டது அதெல்லாம் இல்லை. மழை நின்ற அமைதியில் அந்த அழுகை சுவரைத் தாண்டிப் போனது. தூரமாகத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று திரும்பினேன். அதற்குள் கேட் திறந்தது.

ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வந்தாள்.

"ஏன்டி எழுந்து வந்த?"

"வெளிய போனா திரும்ப உள்ள வுட மாட்டேன்னாரு சார். சத்தம் கேட்டதும் பாலு தானா கொட்டுதுக்கா. பேப்பரெல்லாம் ஈரம்."

அந்த ஹாலில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்த அழுகைதான். எழுந்து வரவேண்டியிருந்தது ஒருத்திதான். பிள்ளையை வாங்கி மடியில் போட்டு, முந்தானையால் மூடினாள். அழுகை நின்றது. அப்புறம்தான் சொன்னாள்.

"அந்தக் கேள்வி வந்துச்சுக்கா. கருப்பை படம் வரைந்து பாகங்களைக் குறி. பாதி போட்டுட்டேன்."

மார்ச்சில் திரும்ப எழுதிவிடுவேன் என்றாள். மார்ச்சில் அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். அதற்கும் ஊர் அவளைத்தான் பேசியது.

அன்றைக்குப் பரீட்சை முடிந்து மணி அடித்தது. கூட்டம் வெளியே கொட்டியது. அவள் வயதுப் பெண்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட, விடைகளைக் கத்திச் சரிபார்த்துக்கொண்டு, தள்ளிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. கடைப் படிக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தியிருந்த ஒருத்தி, பூட்டைத் திறந்துவிட்டு இவள் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் நகருங்க ஆன்ட்டி. வண்டி எடுக்கணும்."

அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"என்னியாக்கா சொல்லுது?"

நான் வாயைத் திறப்பதற்குள், பிள்ளை வாய் விலகாமல் அணைத்துக்கொண்டு, நகர்ந்து வழிவிட்டாள்.