வெங்காயப் பாத்திக்கு அடியில் ஒரு வாய்க்கால்

ஐப்பசி மாதத்து ஒரு சனிக்கிழமை. காலை ஏழு நாற்பதுக்கு அரியலூர் ஸ்டேஷனில் இறங்கினேன். விழுப்புரத்திலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனாலும் நான் இங்கே திரும்பி வரப் பதினெட்டு வருடம் ஆகிவிட்டது.

ஸ்டேஷன் வாசலில் டீ பதினைந்து ரூபாய். பெரம்பலூர் பஸ் முப்பது கிலோமீட்டரும் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. வழியெல்லாம் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும். அந்த மண்வாசனை வந்ததும், தோளில் தடுப்பூசிப் பெட்டியோடு நடந்த நாட்கள் ஞாபகம் வந்தன. குரும்பலூருக்கு அப்பால் நாலு கிலோமீட்டரில் இருக்கும் ஒரு கிராமத்தில் ஒன்பது வருடம் நர்ஸாக இருந்தேன்.

ஒன்பதரைக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. கண்டக்டர் கேட்டார், "ஊர் ஸ்டாப்பா, காலனி ஸ்டாப்பாம்மா?"

"ரெண்டுக்கும் நடுவுல விட்டுடுங்களேன்."

"நடுவுல நிக்காதும்மா," என்று சிரித்தார். காலனியில் இறங்கினேன்.

அந்த நடுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் காலத்தில் புதன்கிழமைதோறும் இரண்டு தெருப் பெண்களும் என் சென்டரின் ஒரே பெஞ்சில் குழந்தைகளோடு உட்காருவார்கள். ஊரில் வேறெங்கும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலனிப் பாக்கியத்தின் மகன் அழுதால் ஊர்த்தெருத் தனலட்சுமி கிலுகிலுப்பை ஆட்டுவாள். பிறகு ஏரி மீன் ஏலத்தில் அடிதடி வந்தது. பாதையில் முள் வெட்டிப் போட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் என்னிடம் வந்து, "காலையில எங்க பொம்பளைங்க, மத்தியானம் அவங்க" என்றார்கள். சண்டை வளர வேண்டாமே என்று ஒப்புக்கொண்டேன். மூன்றாம் மாதம் மாற்றல் வந்தது, போய்விட்டேன்.

போன மாதம் பாக்கியம்தான் போன் செய்தாள். ஏரி வறண்டு, இரண்டு தெருக் கிணறுகளும் வற்றிய பிறகு, பெண்கள் இருபத்தாறு பேர் சேர்ந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்காலில் சீமைக்கருவேலம் வெட்டுகிறார்களாம். "வந்து பாருங்க நர்ஸம்மா."

பத்தரை மணிக்கு வாய்க்காலுக்குப் போனேன். முள் கிழித்த கைகளோடு பாக்கியம் ஓடி வந்தாள். தலை நரைத்திருந்தது. பின்னாலேயே தனலட்சுமி. "பாக்கியக்கா, தண்ணிக் கேன எங்க வச்ச?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் நின்றுவிட்டேன். அந்தக் காலத்தில் தன்னைவிட ஐந்து வயது மூத்தவளை அவள் 'பாக்கியம்' என்றுதான் கூப்பிடுவாள்.

இரண்டு கிலோமீட்டர் சுத்தமாகியிருந்தது. மீதி ஐம்பது அடி. அங்கே வாய்க்காலே இல்லை. அதன்மேல் வெங்காயப் பாத்தி. நிலம் தனலட்சுமியின் கணவர் ராமசாமியுடையது. அவர் வரப்பில் நின்றிருந்தார்.

"நட்டுப் பத்து நாள்தான் ஆவுது. வெங்காயம் எடுக்கிற வரைக்கும் பொறுங்க."

"நீங்க பொறுக்கச் சொன்னா மழை பொறுக்குமா?" என்றாள் தனலட்சுமி. "அடிச்சுப் பேஞ்சா வாய்க்கால்ல வர்ற இத்தனை தண்ணியும் இங்க முட்டிக்கிட்டுக் காலனி வூட்டுக்குள்ளதான் பூரும்."

அவர் முகம் சிவந்தது. ஆட்கள் முன்னால் பெண்டாட்டி பேசிவிட்டாள். காலனிப் பெண்கள் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள். பழைய சண்டையும் இப்படித்தான் ஆரம்பித்தது.

பாக்கியம் குனிந்து ஒரு நாற்றை மண்ணோடு பெயர்த்துக் காட்டினாள். "பயிரை அழிக்க வேணாங்க. இப்புடியே எடுத்து மேட்டுல நட்டுக் குடுத்துடறோம். ஒண்ணு வாடினாலும் என்னைக் கேளுங்க."

அவர் வரப்பில் சற்று விலகி நின்றார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு நாற்றும் கை மாறி மாறி மேட்டுக்குப் போனது. நானும் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் பாத்தி வெறுமையானது. ராமசாமி மேட்டுக்குப் போய் இரண்டு நாற்றுகளை அழுத்திப் பார்த்தார். இறங்கி வந்து, மண்வெட்டியை எடுத்து முதல் வெட்டைத் தானே வெட்டினார்.

ஒரு மணிக்குப் புளிய மரத்தடியில் எலுமிச்சைச் சோறு. ராமசாமி சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார். தனலட்சுமி எங்களோடு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் கேட்டேன். "பாக்கியம், நேரத்தைப் பிரிச்சது நான்தான். தெரியுமா?"

"தெரியாம என்ன?" என்றாள். "மத்தியான வெயில்ல கைப்புள்ளையத் தூக்கிட்டு வந்தவ நானுல்ல. உங்க மேல ரொம்பக் கோவம் இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப வேலை கெடக்கு. சாப்புடுங்க."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

நாலு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. விழுப்புரத்தில் எங்கள் தெருவில், மழை வரும் முன் ஒவ்வொரு வீட்டிலும் வாசலைச் சிமெண்ட் போட்டு உயர்த்துவோம். தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். போன வருடம் நானும் உயர்த்தினேன். பக்கத்து வீட்டில் ஒரு அம்மா முறத்தால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்ததை மாடியிலிருந்து பார்த்தேன். ஆறு வருடமாகப் பக்கத்து வீடு. அவர் பெயரை யோசித்துக்கொண்டே வந்தேன். பெரம்பலூர் வந்துவிட்டது. பெயர் எனக்குத் தெரியாது.