லீவு இல்லாத மிஷின்

மேற்குத் தாம்பரத்தில் கேசவனின் டி.டி.பி. கடைக்குள், ஜெராக்ஸ் மிஷினுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவே ஒரு பழைய கம்ப்யூட்டர் மூன்று வருடமாக ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. ஆனாலும் மதுரையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் டொரான்டோவிலிருந்தும் நாற்பது பேர் இணையம் வழியாகத் தினமும் அதைத் தேடி வந்தார்கள். குழந்தைகள் தமிழில் எழுதிப் பழக ‘சிலேட்டு’ என்றொரு இலவச மென்பொருளை அவர்கள் சம்பளமில்லாமல் செய்துவந்தார்கள். அத்தனை பேருடைய உழைப்பும் சேர்ந்திருந்த சர்வர் அது. அதைக் கட்டிக் காத்தவர் ஷபீனா.

செம்பாக்கத்துக்காரர். ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். புரோகிராம் எழுதுகிறவர்களின் பெயர் வெளியே தெரியும். சர்வர் பார்க்கிறவரின் நினைப்பு சர்வர் படுத்தால்தான் யாருக்கும் வரும். குழுவில் அவருக்குச் ‘சர்வர் அக்கா’ என்று பெயர். இயற்பெயரைவிட அது அவருக்குப் பிடித்திருந்தது.

அவர் போட்ட சட்டங்கள் இரண்டு. ஞாயிறு சாயங்காலம் எல்லாவற்றையும் ஒரு சி.டி.யில் நகல் எடுத்துவிடுவார். யார் எந்த வரியை மாற்றினாலும், அந்த மாற்றம் அப்படியே எல்லோருக்கும் மெயிலில் போக வேண்டும். இரண்டாவது சட்டத்தைத் திட்டாதவர்கள் இல்லை.

“அக்கா, ஒரு கமாவை மாத்துனாக்கூட மெயிலா? என் இன்பாக்ஸ் நாறுது” என்பான் சிங்கப்பூர் ஹேமநாத்.

“நாறட்டும். அழிக்காம மட்டும் வச்சிரு.”

2006இல் விஜயதசமியன்று காலை ஒன்பது மணிக்குச் சிலேட்டின் புதிய பதிப்பு வெளிவரும் என்று அறிவித்திருந்தார்கள். பிள்ளைகள் எழுத்தைத் தொடங்கும் நாள். முதல்நாள் ஞாயிறு, ஆயுத பூஜை. பதினோரு மணிக்கு ஹேமநாத் போனில் அலறினான்.

“அக்கா, சர்வர் செத்துப்போச்சு!”

நோன்பு வைத்திருந்த ஷபீனா வெயிலில் பஸ் பிடித்து ஓடினார். கடையில் சாம்பிராணிப் புகை. கழுவிவிட்ட தரையில் கட்டிங் மிஷின், பிரிண்டர், கத்தரிக்கோல் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தன. நடுநாயகமாக, சாமந்தி மாலையோடு, ஒயரெல்லாம் பிடுங்கிய சர்வர். ‘அணைக்காதீர்கள்’ என்று அவர் ஒட்டியிருந்த தாள் சந்தனத்துக்கு அடியில் ஊறிப்போயிருந்தது.

“போன வருஷம் இத விட்டுட்டோம்னு எனக்கு மனசே கேக்கல ஷபீனா” என்றார் கேசவனின் மனைவி மஹாலட்சுமி. “கடையிலயே இதுதான் ராப்பகலா உழைக்குது. இதுக்கு மட்டும் ஒருநாள் லீவு வேணாமா?”

ஷபீனாவுக்குக் கோபப்படக்கூட வழியில்லை.

“அண்ணா, இப்ப ஆன் பண்ணிரலாமா?”

கேசவன் நெளிந்தார். “பூஜைல வச்சதம்மா. நாளைக்குக் காலைல தீபாராதன காட்டிட்டுத்தான் எடுக்கணும். தப்பா நெனச்சுக்காத.”

மூன்று வருடமாக இடமும் கரண்டும் இணைய இணைப்பும் சும்மா கொடுத்த மனிதர். ஷபீனா தலையாட்டிவிட்டு வந்தார். அவர் பயமெல்லாம் ஹார்டு டிஸ்க்கைப் பற்றித்தான். வருடக்கணக்கில் நிற்காமல் சுழன்ற பழைய டிஸ்க், ஒருமுறை நின்று குளிர்ந்தால் மறுபடி சுழலாமலே போகலாம். மறுநாள் கிளம்பும்போது போன வார சி.டி.யைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

திங்கள் காலை ஏழரை மணிக்குத் தீபாராதனை முடிந்தது. ஸ்விட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. டிஸ்க் ‘டிக், டிக்’ என்றது. அப்புறம் அதுவும் இல்லை.

மஹாலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. “நான்தானே கெடுத்தேன்?”

“அண்ணி, அதுக்கு வயசாயிருச்சு. என்னைக்கோ போக வேண்டியது. மாலையோட போயிருக்கு, விடுங்க.”

சி.டி.யில் போன ஞாயிறு வரைக்குமான வேலை இருந்தது. வெளியீட்டுக்காக எல்லோரும் மாய்ந்து மாய்ந்து உழைத்தது அதற்குப் பிந்திய ஆறு நாட்கள். அந்த மாற்றங்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு. அவ்வளவும் மெயிலில் இருக்கின்றன, ஒன்று விடாமல். ஆனால் கொட்டி வைக்க இன்னொரு மிஷின் வேண்டுமே?

கேசவன் மூலையிலிருந்த அட்டைப்பெட்டியை இழுத்து வந்தார். கல்யாணப் பத்திரிகை வேலைக்கென்று வாங்கி, விஜயதசமிக்காகப் பிரிக்காமல் வைத்திருந்த புதுக் கம்ப்யூட்டர்.

“அண்ணா, இது உங்க புது மிஷின். இதுல நீங்கதான் மொதல் வேல பாக்கணும்.”

“மொதல் வேல பிள்ளைங்க எழுதுறதுக்குன்னா எனக்குக் கசக்குதா? பத்திரிகைய நான் எப்பவும் அடிக்கிற கம்ப்யூட்டர்லயே அடிச்சுக்குறேன். பிரிம்மா, மணி ஆவுது.”

சர்வராக ஓட வேண்டிய லினக்ஸை அதில் ஏற்ற முக்கால் மணி நேரம் பிடித்தது. சி.டி.யிலிருந்ததைக் கொட்டினார். மெயில்களை வந்த வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்து மாற்றங்களைப் பொருத்த ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி ஓட விட்டார். ஒன்பது மணி தாண்டியது. இருநூற்று நாற்பதாவது மெயிலில் அது நின்றது. ஒரே பொத்தானின் பெயரை ஒரே நேரத்தில் இரண்டு பேர் மாற்றியிருந்தார்கள்: ஹேமநாத் ‘அழி’ என்றும், மதுரையில் டீச்சராக இருக்கும் ஞானசௌந்தரி ‘துடை’ என்றும். ஷபீனா டீச்சருக்குப் போன் போட்டார்.

“துடைன்னே வைங்க. எங்க பிள்ளைக எச்சியத் தொட்டுத் துடைக்கத்தான் செய்யுதுக. அந்தத் தம்பி சிலேட்டக் கண்ணுல பாத்திருக்கானான்னு கேளுங்க!”

‘துடை’ ஏறியது. மிச்சமும் ஏறியது.

பத்து ஐம்பதுக்குச் சிலேட்டின் பக்கம் உலகத்துக்குத் திறந்தது. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் தாமதம். முன்னூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூடத் தவறவில்லை. ஷபீனா முதலிலிருந்து மறுபடி எண்ணிப் பார்த்தார், சந்தேகத்தால் அல்ல. ஹேமநாத்திடமிருந்து ஒற்றை வரி வந்தது: “அக்கா, இனிமே கமாவுக்கு ரெண்டு மெயில்கூட அனுப்புங்க.”

மஹாலட்சுமி சுண்டலை நோன்பு திறக்கும்போது சாப்பிடச் சொல்லிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். கேசவன் தன் டி.டி.பி. கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். பிரிண்டரிலிருந்து பூஜைக்குப் பிந்திய முதல் தாள் வந்தது. லேமினேட் செய்து, சூடு ஆறுவதற்குள் புதுச் சர்வரின் நெற்றியில் அவரே ஒட்டினார். மேலே பிள்ளையார் சுழி. கீழே, கல்யாணப் பத்திரிகைக்குப் போடுகிற கொட்டை எழுத்தில்: ‘இதற்குப் பொட்டு உண்டு, மாலை உண்டு. லீவு கிடையாது.’