குத்தூசி படாத மூட்டை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

ஆங்கில வணிகர்கள் ஒரு காலத்தில் கம்பளித் துணியைக் கப்பலேற்றிப் பால்டிக் கடலோரத் துறைமுகங்களில் விற்று, அங்கிருந்து தானியம் கொண்டு திரும்பினர் என்று அண்மையில் ஒரு நூலில் படித்தேன். துணி கொடுத்துத் தானியம் கொள்ளும் அவ்வணிகத்தை, ஆம்பூருக்கு அருகிலிருந்த எங்கள் வீட்டு வாசலிலேயே ஆறு வயதில் நான் கண்டிருக்கிறேன். ஒருமுறை அதன்மேல் அமர்ந்தும் இருந்திருக்கிறேன்.

அத்தைக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. ஆகவே அறுவடையும் துணி எடுப்பதும் அவர் தம்பியான சித்தப்பாவின் பொறுப்பு. ஆம்பூர் ஜவுளிக்கார பாய் ஆண்டுதோறும் வண்டியில் துணி கொண்டுவந்து, விலைக்கு ஈடாக நெல் பெற்றுச் செல்வார். பள்ளமான இரும்புக் குத்தூசியை ஒவ்வொரு மூட்டையிலும் செருகி, உள்ளிருந்து வரும் நெல்லைப் பார்த்து முடிக்கும்வரை அவர் துணிப்பொதியின் முடிச்சை அவிழ்க்கமாட்டார். ஒரு மூட்டை கெட்டிருந்தாலும் அந்த வீட்டில் வணிகம் இல்லை; வண்டி திரும்பிவிடும்.

எங்கள் மூட்டைகளுள் ஒன்று களத்து மழையில் நனைந்து, உள்ளே முளைவிட்டிருந்தது. அதை ஒதுக்கினால் கூறைப்புடவைக்குப் பேசிய நெல் குறையும். சித்தப்பா அதைச் சுவரோரம் நகர்த்தி, என்னைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்தார்.

"இன்னா ஆனாலும் எழுந்துடாத. பாய் கேட்டா வயித்து வலின்னு சொல்லு."

பாய் வந்தார். குத்தூசி ஒவ்வொரு மூட்டையாக இறங்கி ஏறியது. உள்ளங்கையில் விழுந்த நெல்லில் ஒன்றைக் கடித்துப் பார்த்துத் தலையசைத்தபடி என்னை நெருங்கினார். கதவருகே அத்தை, வண்டியிலிருந்த முடிச்சையே பார்த்து நின்றாள். மூட்டையின் வெப்பம் என் பாவாடையைத் தாண்டி ஏறியது. முளைக்கும் நெல்லுக்குச் சூடுண்டு என்பதை அப்போது அறியேன். பொய் சொல்லப் போவதால் எனக்கு மெய்யாகவே காய்ச்சல் கண்டுவிட்டதென்று நடுங்கினேன்.

"இன்னா பாப்பா, ராணியாட்டம் ஒக்காந்துக்கினு கீற?"

"வயித்து வலி."

"நெல்லு மூட்டை மேல ஒக்காந்தா வயித்து வலி போவுமா? இந்த வைத்தியம் ஆம்பூர்ல யாருக்கும் தெரியலியே!"

சித்தப்பா தேவைக்கு மேல் சிரித்தார். "பேஜார் புடிச்ச புள்ள பாய். எறக்குனா ஊரக் கூட்டிடும். வுடுங்க."

பாய் என் நெற்றியில் கைவைத்தார். பிறகு அதே கையை மூட்டையின் பக்கத்தில் வைத்தார். நெற்றியில் வைத்ததைவிட நெடுநேரம். குத்தூசியின் முனை என் முழங்காலருகே நின்றது. சித்தப்பாவின் சிரிப்பும் நின்றது. பாய் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். பின், குத்தூசியைத் துடைத்துப் பையில் போட்டார்.

"புள்ளைக்குச் சூடு ஜாஸ்தியா கீது," என்றார் சித்தப்பாவிடம், தணிந்த குரலில். "இந்த மூட்டை இங்கியே இருக்கட்டும். அது நல்லானப்புறம் நீயே கொணாந்து குடு."

முடிச்சு அவிழ்ந்தது. அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை அத்தையின் கைக்கு வந்தது.

மறுவாரம் சித்தப்பா, விதைக்கென வைத்திருந்த நெல்லிலிருந்து ஒரு மூட்டையைச் சைக்கிளில் கட்டினார். நான் ஓடிப்போய், "எனக்கு நல்லாயிடுச்சுன்னு பாய்கிட்ட மறக்காம சொல்லு சித்தப்பா" என்றேன். அவர் என் முகத்தைப் பாராமல், இறுகியிருந்த கயிற்றையே மறுபடி இறுக்கினார். பாய் என்னை எண்ணிக் கவலையோடிருப்பார் என்று நான் முழுமையாக நம்பினேன். அத்தனை எளிய சேதியை எடுத்துச் செல்லச் சித்தப்பா ஏன் தலையசைக்கவும் இல்லை என்பது எனக்கு நெடுங்காலம் விளங்கவில்லை.

இந்த விவரத்தைத் தங்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரப்படுத்தி வைக்குமாறு வேண்டுகிறேன்.