மௌனிகா உயர்த்திய எல்லை

முதலமடையில் மாங்காய்க் கிடங்கை ஒட்டிய பட்டறையில் மௌனிகா டர்போ கார்களை டியூன் செய்கிறாள். லேப்டாப்பைக் காரில் இணைத்து, டர்போ என்ற காற்றழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, கூட்டிக் கொடுப்பாள். ஒரு பெண்ணிடம் எஞ்சினை ஒப்படைக்க ஊரே தயங்கியபோது, முதலில் வண்டியைக் கொண்டுவந்து விட்டவர் மாங்காய் வியாபாரி மாரப்பன்.

போன சித்திரையில் அவர் புதுக் கார் வாங்கி, அதையும் அவளிடமே கொடுத்தார். பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் மின்வால்வை மாற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தாள். வண்டி திடீர் திடீரென்று இழுவை இழந்தது. பூஸ்ட் எல்லை மீறியதால் காரின் கம்ப்யூட்டரே எஞ்சினை அடக்கியது. ஏன் மீறுகிறது என்று தேடியிருக்க வேண்டும். வாசலில் வேறு கார்கள் காத்திருந்தன. மௌனிகா அந்த எல்லையையே உயர்த்திவிட்டாள். வண்டி பறந்தது. மாரப்பன் சிரித்துக்கொண்டே எடுத்துப் போனார்.

மறையூரிலிருந்து மூணாறு ஏறும்போது எஞ்சின் புகை கக்கி நின்றது. லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"என்னாச்சும்மா?"

"பெட்ரோல் கோளாறாத்தான் இருக்குங்கண்ணா. எங்க போட்டீங்க?" திறந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

மாரப்பன் நம்பினார். நேரே ஊரிலுள்ள பெட்ரோல் பங்க்குக்குப் போய், பெட்ரோல் போட்ட ஊழியர் சென்னிமலையை வரிசையில் நின்றவர்கள் முன்னால் திட்டி, சட்டையைப் பிடித்துவிட்டார்.

மறுநாள் எஞ்சினைப் பிரித்தாள். பிஸ்டன் உடைந்திருந்தது. மின்வால்வின் ரப்பர் குழாய்கள் இடம் மாறியிருந்தன; பூஸ்ட் எல்லை மீறியது அதனால்தான். மாட்டியது அவள்தான். காதெல்லாம் சுட்டது. சரியாக மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. கை அதற்கு நீண்டது. நீண்டதை நினைத்தே கூசிப்போய், மாரப்பனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கத்தவில்லை. "எஞ்சின் போனாப் போகுது. அந்த மனுசன் மொகத்துல நான் எப்படிம்மா முழிப்பேன்?"

இருவரும் பங்க்குக்குப் போனார்கள். மௌனிகா எல்லார் காதிலும் விழச் சொன்னாள். "உங்க பெட்ரோல்ல ஒண்ணுமில்லீங்க. தப்பு என்னோடது. பாக்காமயே உங்க மேல பழியப் போட்டுட்டேன்." மாரப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

சென்னிமலை சுற்றிலும் பார்த்தார். "அன்னைக்கு நின்னவங்க ஆரும் இன்னைக்கு இல்லீங்களே," என்றார்.

எஞ்சினை அவளே மறுபடி கட்டிக் கொடுத்தாள். "பூஸ்ட்டெல்லாம் ஏத்த வேண்டாம், கம்பெனி விட்ட மாதிரியே இருக்கட்டும்மா," என்றார் மாரப்பன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

இப்போதும் டியூனிங் செய்கிறாள். வண்டி இழுவை இழந்தால், காரணம் தெரியாமல் சாவியைத் தருவதில்லை. தன் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட மட்டும், அந்தப் பங்க்கைத் தாண்டிக் கொல்லங்கோடு வரை போகிறாள்.